பெர்பெத்துவா, பெலிசித்தா: பால்குடிப் பிள்ளையை விட்டுப் போனவளை எப்படிப் புனிதர் என்கிறோம்?

மாலைச்செபம் எழுதியது:

மார்ச் 7 திருநாளுக்கு எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக் குழுவில்) புனித பெர்பெத்துவா, பெலிசித்தா இருவரையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். திருப்பலியில் குருவானவர் சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் ஆகத்தா, லூசியா, ஆக்னெஸ் என்று வரும் பெண்கள் வரிசையில் இவர்கள் பெயரும் உண்டு. அதைத் தாண்டி நம் பங்குகளில் யாரும் இவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சுரூபம் கிடையாது, நவநாள் கிடையாது. செபஸ்தியாருக்கும் அந்தோணியாருக்கும் இருக்கிற கூட்டத்தில் கால்வாசிகூட இவர்களுக்கு இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.பி. 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில், இன்றைய துனீசியாவில், நடந்தது இது. விபியா பெர்பெத்துவாவுக்கு வயது சுமார் 22. நல்ல குடும்பம், படித்த பெண், மணமானவர், கையில் பால்குடிக்கும் ஆண் குழந்தை. அவரோடு பெலிசித்தா, ரெவொக்காத்துஸ், சத்துர்னீனுஸ், செகுந்துலுஸ் ஆகியோரும் பிடிபட்டார்கள். எல்லோருமே அப்போதுதான் திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குப் போதித்த சத்தூருஸ் கைது நடந்தபோது அங்கே இல்லை; பிறகு தானாகவே வந்து சரணடைந்தார். பேரரசர் செப்திமியுஸ் செவேருஸின் இளைய மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில் இவர்களை விலங்குகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். செகுந்துலுஸ் மட்டும் அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டார்.

போன வாரம் கூட்டத்தில் இவ்வளவுதான் சொன்னேன். வயதான ஒரு அம்மா எழுந்து, "பால்குடிப் பிள்ளைய விட்டுட்டுச் சாகப் போனவள எதுக்கும்மா நான் கும்பிடணும்? பிள்ளைக்காக உயிரோட இருந்திருந்தா சாமி கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது. அதட்டி உட்காரவைக்க மனம் வரவில்லை. இங்கே படித்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

---

பழங்கல்வெட்டு எழுதியது:

அம்மா, இந்தக் கேள்விக்கு வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பெர்பெத்துவாவே சொல்லியிருக்கிறார். மற்ற மறைசாட்சிகளின் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின்) வரலாற்றை ஊரார் சொல்லக் கேட்கிறோம், பல கதைகள் நூறு இருநூறு வருடம் கழித்து எழுதப்பட்டவை. இவர் சிறையில் இருந்தபடி தன் கையாலேயே எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆதி கிறிஸ்தவப் பெண் ஒருவர் தன் குரலில் எழுதி நம்மிடம் வந்து சேர்ந்தவற்றில் இதுவே மிகப் பழையது.

அந்தக் குறிப்பு அடங்கிய நூலின் அமைப்பு இப்படி: முன்னுரையும் முடிவும் பெயர் தெரியாத ஒருவர் எழுதியவை. நடுவில் பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்பு. அதையடுத்து சத்தூருஸ் தான் கண்ட காட்சியைத் தன் கைப்பட எழுதிய பகுதி. மூன்று பகுதிகளின் லத்தீன் நடையும் மூன்று விதம். தொகுத்தவர் பண்டிதர், நீள வாக்கியக்காரர். பெர்பெத்துவா எழுதுவது சின்னச் சின்ன வாக்கியங்கள், 'அப்புறம்', 'அப்புறம்' என்று ஓடுகிற நடை.

இனி பிள்ளை விஷயம். சிறைக்குள் தள்ளியதும் அவர் எழுதுவது இதுதான்: அப்படிப்பட்ட இருட்டை நான் பார்த்ததே இல்லை; கூட்டத்தினால் தாங்க முடியாத புழுக்கம்; படைவீரர்கள் பணம் பிடுங்குகிறார்கள்; எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையை நினைத்துத் துடித்தேன். தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரமாவது இவர்களைச் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே போனதும் பெர்பெத்துவா முதலில் செய்தது, பசியில் வாடிப்போயிருந்த குழந்தைக்குப் பால் கொடுத்ததுதான். பிறகு குழந்தையைத் தன்னோடு சிறையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி வாங்குகிறார். அதன்பின், "சிறை எனக்குச் சட்டென்று அரண்மனை ஆகிவிட்டது, வேறெங்கும் இருக்க எனக்கு விருப்பமில்லை" என்று எழுதுகிறார்.

விசாரணை முடிந்து தண்டனை சொன்ன பிறகும் பொம்போனியுஸை அப்பாவிடம் அனுப்பிக் குழந்தையைக் கேட்கிறார். அப்பா தர மறுத்துவிடுகிறார். ஆகவே, அவர் பிள்ளையை உதறிவிட்டுப் போனவர் இல்லை. கடைசிவரை கேட்டார், கொடுக்கவில்லை.

---

இரு பிள்ளை அம்மா எழுதியது:

பழங்கல்வெட்டு ஐயா சொன்னதற்கு அடுத்து வரும் ஒரு வரியை ஆண்கள் யாரும் கவனிப்பதில்லை. அப்பா குழந்தையைத் தர மறுத்ததைச் சொல்லிவிட்டு, கடவுள் விருப்பப்படி குழந்தையும் அதன்பின் முலைப்பால் கேட்கவில்லை, எனக்கும் மார்பு கட்டி வலிக்கவில்லை, குழந்தையைப் பற்றிய கவலையாலும் மார்பு வலியாலும் நான் வதைபடாமல் இருந்தேன் என்கிறார்.

பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று பெற்றவளுக்குத் தெரியும். பால் கட்டிக்கொள்ளும், மார்பு கல்லாக இறுகும், காய்ச்சல் வரும், கையைத் தூக்க முடியாது. ஊரில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவார்கள், முட்டைக்கோஸ் இலை வைப்பார்கள். சாவுத் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் கிடக்கிற ஒருத்திக்கு அந்த நாளில் பெரிய விஷயமாகத் தோன்றியது, மார்பு கட்டவில்லை என்பது. பின்னாளில் பக்திக்காகக் கதை கட்டியவர் யாராவது இதை எழுதியிருப்பாரா? இதைப் படித்தபோதுதான் எனக்கு அவர் நிஜமான ஒரு பெண்ணாகத் தெரிந்தார்.

உங்கள் அன்பியத்தில் கேட்ட அந்த அம்மாவிடம் இந்த ஒரு பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் பெற்றவர் என்றால் புரிந்துகொள்வார்.

---

கேள்விக்குறி எழுதியது:

நான் எந்த மதத்தையும் சேர்ந்தவன் இல்லை. வரலாறு பிடிக்கும் என்பதால் படிக்கிறேன், மனம் புண்படும்படி கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோம அதிகாரி கேட்டது என்ன? பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி கொடு, போய்விடு. அவ்வளவுதானே? மனதுக்குள் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம். அப்பா கெஞ்சுகிறார், அதிகாரியே கெஞ்சுகிறார். ஒரு சிட்டிகை சாம்பிராணியால் குழந்தை தாயோடு வளர்ந்திருக்கும். அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. பிள்ளை மேல் பாசம் இருந்தது என்பது ஒரு பதில். அவ்வளவு பாசம் இருந்தும் ஏன் போனார் என்பதற்கு அது பதில் இல்லை.

இன்னொன்று. குறிப்பை அவரே எழுதினார் என்பதற்கு நடையைத் தவிர என்ன சான்று?

---

பழங்கல்வெட்டு எழுதியது:

கேள்விக்குறி தம்பி, நல்ல கேள்விகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெர்பெத்துவா எழுதவில்லை, தொகுத்தவரே அவர் குரலில் எழுதினார் என்று வாதிடுகிற அறிஞர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் குறிப்பு அவருடையது என்றே ஏற்கிறார்கள். அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதே நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன், ஆன்மாவைப் பற்றிய தன் நூலில் பெர்பெத்துவா கண்ட விண்ணகக் காட்சியைக் குறிப்பிடுகிறார். அதாவது ஊரில் எல்லோரும் அறிந்த செய்தியாக அது இருந்திருக்கிறது. தொகுத்தவரே தெர்த்துல்லியன்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு, அதற்கு உறுதியான சான்று இல்லை.

அதைவிட, குறிப்பு முடிகிற இடத்தைப் பாருங்கள். விளையாட்டுக்கு முந்தின நாள் வரை நடந்ததை எழுதிவிட்டேன், விளையாட்டில் நடக்கப்போவதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று நிறுத்திவிடுகிறார். மறுநாள் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதிய வரி அது.

இப்போது முதல் கேள்வி. அப்பா முதல் தடவை வந்து மனதை மாற்றப் பார்க்கும்போது, பக்கத்தில் இருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, "இதைக் குடம் என்று சொல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா?" என்று கேட்கிறார் பெர்பெத்துவா. முடியாது என்கிறார் அப்பா. "அப்படித்தான், நான் கிறிஸ்தவள். அதல்லாத வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள என்னால் முடியாது." அவரைப் பொறுத்தவரை பலி கொடுப்பது வெறும் சடங்கு இல்லை, தான் யார் என்பதைப் பற்றிப் பொய் சொல்வது.

அரசும் அதைச் சும்மா ஒரு சடங்காக நினைக்கவில்லை, தம்பி. சும்மா என்றால் மறுத்தவரைக் கொல்வானேன்? பெர்பெத்துவா காலத்துக்குத் தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே, பேரரசர் டிராஜன் ஆளுநர் பிளினிக்கு எழுதிய பதிலில் நடைமுறை தெளிவாகிவிட்டது: கிறிஸ்தவர்களைத் தேடிப் போக வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டு வந்தவர் மறுதலித்து நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு, அடம்பிடித்தால் தண்டி. செவேருஸ் மதம் மாறுவதைத் தடைசெய்து தனி ஆணை போட்டார் என்று சொல்வதுண்டு. அதைச் சொல்லும் நூல் அவ்வளவு நம்பகமானது இல்லை. பெரும்பாலும் உள்ளூர் அதிகாரியின் போக்கைப் பொறுத்துத்தான் எல்லாம் நடந்தன. கார்த்தேஜில் அப்போது ஆளுநர் இறந்துபோயிருந்தார். ஹிலாரியானுஸ் என்ற நிதி அதிகாரி அவர் இடத்தில் இருந்து தீர்ப்பு வழங்கினார்.

விசாரணை மேடையில் அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். "உன் அப்பாவின் நரைமுடிக்கு இரங்கு, பச்சைக் குழந்தைக்கு இரங்கு, பலி கொடு" என்கிறார் ஹிலாரியானுஸ். "மாட்டேன்." "நீ கிறிஸ்தவளா?" "கிறிஸ்தவள்தான்." அதற்குப் பிறகும் அப்பா மகளை இழுக்கப் பார்க்க, அவரைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொல்கிறார் அதிகாரி. என்னையே அடித்ததுபோல் வலித்தது, அவருடைய பரிதாபமான முதுமையை நினைத்து வருந்தினேன் என்று எழுதுகிறார் மகள். இரும்பு மனசுக்காரி எழுதுகிற வரி இல்லை இது.

---

வேதாகம வாசகன் எழுதியது:

நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். எங்களிடம் புனிதர் வணக்கம் இல்லை. ஆனாலும் இந்த இரத்தசாட்சிகளை மதிக்கிறோம். இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியிலும் மார்ச் 7 பெர்பெத்துவா, பெலிசித்தா, உடனிருந்தோர் நினைவு நாள்தான். என் சந்தேகம் வேறு. இவர்களை வணங்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? அந்தக் காலத்திலேயே இருந்ததா, பிற்காலத்தில் சேர்த்ததா?

அப்புறம், பெர்பெத்துவா இறந்துபோன தம்பிக்காக வேண்டிக்கொண்டதாக ஒரு பகுதி வருகிறதே, அதைக் கத்தோலிக்க நண்பர்கள் உத்தரிக்கிற தலத்துக்கு (இறந்தவர்கள் விண்ணகம் போகுமுன் தூய்மை பெறும் நிலைக்கு) ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது சரியா?

---

பழங்கல்வெட்டு எழுதியது:

வணக்கம் பிற்காலச் சேர்க்கை இல்லை, சகோதரரே. கி.பி. 354ஆம் ஆண்டு ரோமைத் தொகுப்பு ஒன்றில் மறைசாட்சிகளின் நாட்பட்டியல் இருக்கிறது. கிட்டத்தட்ட முழுக்க ரோமை நகர மறைசாட்சிகள்தான். ஆப்பிரிக்காவிலிருந்து இடம்பெற்றவர்கள் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் இந்த இரு பெண்களும் மட்டுமே. கடல் தாண்டி ரோமையிலேயே இவர்கள் நாளைக் கொண்டாடும் அளவுக்குப் பெயர் பரவியிருந்தது.

கார்த்தேஜில் இவர்களைப் புதைத்த இடத்தில் பெரிய ஆலயம் இருந்தது. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய வீத்தா ஊர் ஆயர் விக்தோர், வட ஆப்பிரிக்காவைப் பிடித்த வாந்தல் இனத்தார் பிடுங்கிக்கொண்ட ஆலயங்களைச் சொல்லி அழும்போது, பெர்பெத்துவா, பெலிசித்தா உடல்கள் இருக்கும் ஆலயத்தையும் சேர்த்துச் சொல்கிறார். 1907இல் தெலாத்ர் என்ற பிரெஞ்சுக் குருவானவர் அங்கே தோண்டியபோது துண்டு துண்டாக உடைந்த ஒரு கல்வெட்டு கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால் இவர்கள் பெயரும் மார்ச் 7 என்ற நாளும்!

வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தினார் இவர்கள் திருநாளில் ஆற்றிய மறையுரைகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் நீண்ட வடிவம் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரக் கையெழுத்துப் பிரதியில் 2007இல்தான் கிடைத்தது. ஆண்களும் சேர்ந்துதானே செத்தார்கள், திருநாள் மட்டும் ஏன் இரு பெண்கள் பெயரில் வழங்குகிறது என்று அவரே கேட்டுப் பதில் சொல்கிறார். மக்கள் எந்தப் பெயரைச் சொல்லி வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இத்தாலியில் ராவென்னா ஆயரின் சிற்றாலயத்தில் மொசைக்கில் இருவர் முகமும் வட்டத்துக்குள் இருக்கின்றன, சுமார் 1,500 ஆண்டு பழமை. கார்த்தேஜில் இடிந்து கிடக்கும் பெரிய வட்டரங்கின் நடுவிலும் வெள்ளைக் குருக்கள் சபையார் ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள். ஆனால் நூலோ படை முகாம் விளையாட்டு என்கிறது. ஆகவே கொலை நடந்தது இன்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிற இடத்தில்தானா என்பது சந்தேகமே.

தம்பி தினோக்ராத்தஸ் பற்றி. ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் வந்து இறந்த பிள்ளை. சிறையில் செபிக்கும்போது அவன் பெயர் திடீரென வாயில் வந்தது என்கிறார். அன்றிரவு காட்சியில் அவன் இருட்டிலிருந்து வருகிறான், அழுக்கு, தாகம், முகத்தில் அதே புண். முன்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தும் அதன் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே, எட்டவில்லை. பெர்பெத்துவா இரவும் பகலும் அழுது வேண்டுகிறார். அடுத்த காட்சியில் விளிம்பு அவன் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது. புண் ஆறித் தழும்பு மட்டும். தங்கக் கிண்ணத்தில் குடிக்கிறான், குடித்துவிட்டுப் பிள்ளைகளைப் போல விளையாடப் போகிறான்.

இறந்தவர்களுக்காகச் செபிக்கலாம் என்ற நம்பிக்கை அன்று இருந்ததற்கு இது சான்று, அதை மறுக்க முடியாது. இதை வைத்து முழுக் கோட்பாட்டையும் நிறுவப் பார்ப்பது அதிகம். திருமுழுக்குப் பெறாதவர்களும் மீட்படைவார்கள் என்று ஒருவர் இந்தக் காட்சியைக் காட்டி வாதிட்டபோது, இந்நூல் திருமறை நூல் வரிசையில் சேர்ந்தது இல்லை என்று அகுஸ்தினாரே நினைவூட்டினார்.

---

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, குடம் பற்றிச் சொன்னது யோசிக்க வைத்தது. தான் இன்னார் என்று சொன்னதற்காக ஒருவரை விலங்குக்குப் போடுகிற அரசையும் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் 'ஏன் போனாய்' என்று கேட்பது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அப்பாவின் பக்கமே என் மனம் சாய்கிறது. மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று கூப்பிடாமல் பெருமாட்டியே என்று கூப்பிடுகிறார். அந்த வயசாளி எழுதிவைத்திருந்தால் நாம் வேறொரு கதையைப் படித்துக்கொண்டிருப்போம்.

---

மாலைச்செபம் எழுதியது:

உண்மைதான் தம்பி. ஆனால் அந்த அப்பாவை நாம் பார்ப்பதே மகளின் எழுத்தில்தானே? அவர் தாடியைப் பிய்த்துப் போட்டதையும், தரையில் குப்புற விழுந்ததையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். தன் குடும்பத்திலேயே தன் பாடுகளைக் கண்டு மகிழ மாட்டாதவர் அவர் ஒருவர்தான் என்று அவருக்காக வருந்தவும் செய்கிறார். தனக்கு எதிராக நின்றவரின் நியாயத்தை இவ்வளவு முழுமையாகப் பதிவுசெய்தவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

யாரும் இதுவரை பெலிசித்தாவைத் தொடவில்லை. பெயரில் பாதி அவருடையது. பெர்பெத்துவாவின் வேலைக்காரி என்று ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது. சரியா?

---

இரு பிள்ளை அம்மா எழுதியது:

அக்கா, வேலைக்காரி என்று நூலில் எங்கும் இல்லை. ரெவொக்காத்துஸின் உடன் அடிமை என்று மட்டும் இருக்கிறது. யாருக்கு அடிமை என்று சொல்லவில்லை. பெர்பெத்துவா தன் குறிப்பில் பெலிசித்தாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தொகுத்தவர்தான் எழுதியிருக்கிறார். சீமாட்டியும் பணிப்பெண்ணும் என்று படம் வரைந்து வரைந்து நாம் அப்படி ஆக்கிவிட்டோம். வரிசையில் இரண்டாவதாக நிற்க வேண்டியவர் இல்லை அவர்.

கைதானபோது வயிற்றில் குழந்தை. விளையாட்டு நாள் நெருங்கும்போது எட்டு மாதம். கர்ப்பிணியைத் தண்டிக்கக் கூடாது என்பது சட்டம். பிரசவம் வரை தள்ளிவைத்து, பிறகு வேறு ஏதோ கொலைகாரர்களோடு சேர்த்துத் தன்னைக் கொல்வார்களே என்று அவருக்குக் கவலை. கூட இருந்தவர்களுக்கும் அவரைத் தனியே விட்டுப் போக மனமில்லை. விளையாட்டுக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் சேர்ந்து செபிக்கிறார்கள், உடனே வலி எடுக்கிறது. எட்டாம் மாதப் பிரசவம் என்பதால் கஷ்டம் அதிகம். அவர் வலியில் கத்த, காவலாள் ஒருவன், "இதுக்கே இப்படிக் கத்துகிறாயே, விலங்குகளிடம் போட்டால் என்ன செய்வாய்?" என்று கேலி செய்கிறான். "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்குள் இருந்து வேறொருவர் எனக்காகப் படுவார், நானும் அவருக்காகத்தானே படப்போகிறேன்" என்று பதில். சிறைக்குள் பெண் குழந்தை பிறந்தது. சகோதரி ஒருத்தி அதைத் தன் மகளாக வளர்த்தாள்.

பிறகு அரங்கில் நடந்தது. இரண்டு பெண்களையும் உடையைக் களைந்து வலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ரத்தம் பார்க்க வந்த கூட்டமே அதிர்ந்துபோகிறது. ஒருத்தி மென்மையான இளம்பெண், இன்னொருத்தி பச்சை உடம்புக்காரி, மார்பிலிருந்து பால் சொட்டுகிறது. கூட்டம் முகம் சுளித்ததால் திரும்ப அழைத்துப்போய்த் தொளதொள அங்கி மாட்டிக் கொண்டுவந்தார்கள்.

பெற்று இரண்டே நாள். அந்த உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் இவர்களைப் பாதுகாவலராகச் சொல்வதை நான் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்வதில்லை. என் இரண்டாவது பிரசவத்துக்குப் போகும்போது பெலிசித்தாவிடம்தான் வேண்டிக்கொண்டேன்.

---

வேதாகம வாசகன் எழுதியது:

சகோதரி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 'எனக்குள் இருந்து வேறொருவர்' என்ற அந்தப் பதில் பவுல் அப்போஸ்தலர் சொன்னது போலவே இருக்கிறது, "இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்." எழுதப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, சிறையில் பிரசவ வலியில் துடிக்கிற ஓர் அடிமைப்பெண் வாயிலிருந்து அது வந்திருக்கிறது.

முடிவு எப்படி நடந்தது என்று யாராவது முழுதாகச் சொல்ல முடியுமா?

---

பழங்கல்வெட்டு எழுதியது:

சொல்கிறேன். ரத்தம் அதிகம், மனம் தளர்ந்தவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

முந்தின இரவு வழக்கப்படி கடைசி விருந்து கொடுத்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே வந்து நின்றது. இவர்கள் அதையே அன்பு விருந்தாக்கிக்கொண்டார்கள். சத்தூருஸ் கூட்டத்தைப் பார்த்து, "நாளைக்கு ஒரு நாள் உங்களுக்குப் போதாதா? எங்கள் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு நாளில் அடையாளம் தெரிய வேண்டும்" என்றார். அங்கேயே பலர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்கிறது நூல்.

மறுநாள் வாசலில் ஆண்களுக்குச் சாத்துர்ன் தெய்வத்தின் பூசாரி உடையும், பெண்களுக்குக் கேரெஸ் தேவியின் பூசாரிணி உடையும் மாட்டப் பார்த்தார்கள். பெர்பெத்துவா விடவில்லை. இதைச் செய்யாமல் இருக்கத்தானே உயிரையே கொடுக்கிறோம், அதுதானே உங்களோடு பேசிய பேச்சு என்று வாதாடினார். படை அதிகாரி ஒத்துக்கொண்டார். இருந்த உடையோடு உள்ளே போனார்கள், பெர்பெத்துவா திருப்பாடல் பாடிக்கொண்டே.

ஆண்களுக்குச் சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி. பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறாக மூர்க்கமான ஒரு பசுவைத் தயார் செய்திருந்தார்கள், பெண்ணுக்குப் பெண் என்று கேலியாக. அது முதலில் பெர்பெத்துவாவைத் தூக்கி எறிந்தது. இடுப்பு அடிபட விழுந்தவர், எழுந்து உட்கார்ந்ததும் கிழிந்த அங்கியை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டார். பிறகு ஊசியைத் தேடி, அவிழ்ந்த கூந்தலை முடிந்தார். தலைவிரி கோலம் துக்கத்தின் அடையாளம், தன் வெற்றி நாளில் அப்படி இருக்கக் கூடாது என்று. அதற்குப் பிறகு, நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவைப் பார்த்து, கிட்டே போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

சத்தூருஸைச் சிறுத்தை ஒரே கடியில் ரத்தத்தில் முழுக்காட்டியது. கூட்டம், "நல்லாக் குளிச்சான், நல்லாக் குளிச்சான்" என்று கத்தியது. அவர் சிறைக் காவலர் பூதென்ஸிடம் மோதிரத்தை வாங்கித் தன் காயத்தில் தோய்த்துக் கொடுத்தார். இந்தப் பூதென்ஸ் அவர்களைக் காவல் காத்து, அவர்களைப் பார்த்தே விசுவாசி ஆனவர்.

கடைசியில் கூட்டம் தன் கண்ணெதிரே வெட்டக் கேட்டது. அவர்களாகவே எழுந்து நடுவே போனார்கள். ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அசையாமல் சத்தமின்றி வாளை ஏற்றார்கள். பெர்பெத்துவாவுக்கு வந்தவன் புதியவன், கை நடுங்கியது. வாள் எலும்பில் பட்டு அவர் வாய்விட்டு அலறினார். பிறகு அந்த நடுங்கும் கையைத் தானே பிடித்துத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனார்.

அலறினார் என்பதையும் எழுதிவைத்தார்களே, அதற்காகவே தொகுத்தவரை நான் மதிக்கிறேன். வலிக்காத புனிதராக அவரை ஆக்கவில்லை.

---

பனையோலை எழுதியது:

இழையை முழுதாகப் படித்தேன், எல்லோருக்கும் நன்றி. நான் சிவகங்கைப் பக்கம். ஓரியூரில் புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோவை) கும்பிட்டு வளர்ந்தவன். 1693இல் அவரைத் தலைவெட்டுவதற்கு முன் அவரும் சிறையிலிருந்து கடிதம் எழுதினார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். சாகப்போகிறவர் எழுதினது என்பதாலேயே அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. பெர்பெத்துவா குறிப்பையும் யாராவது நல்ல தமிழில் முழுசாகக் கொண்டுவந்து பங்குதோறும் கொடுத்தால் சுரூபம் வைப்பதைவிட மேலான வணக்கமாக இருக்கும்.

ஒரு சின்னச் சந்தேகம். என் அப்பத்தா வைத்திருந்த பழைய செபப் புத்தகத்தில் இவர்கள் திருநாள் மார்ச் 6 என்று இருக்கிறது. எது சரி?

---

மாலைச்செபம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் பேச்சாக எதுவும் தயார் செய்யப்போவதில்லை. சிறையில் பால் கொடுத்த பத்தி, அப்பா குழந்தையைத் தர மறுத்த பத்தி, பெலிசித்தா பெற்ற பத்தி, இந்த மூன்றையும் வாசிக்கிறேன். பெலிசித்தாவுடையதை ஒரு பெண்ணை விட்டு வாசிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கேள்வி கேட்ட அந்த அம்மாவையே கேட்டுப் பார்க்கிறேன், அவருக்கு நல்ல குரல். தவக்காலத்தில் வருவதால் கொண்டாட்டம் எதுவும் இருக்காது, செபமும் வாசிப்பும் மட்டும்தான்.

கேள்விக்குறி தம்பி, அந்த அப்பாவைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். எழுத நிறைய இருக்கிறது.

---

பழங்கல்வெட்டு எழுதியது:

பனையோலை தம்பி, உங்கள் அப்பத்தா புத்தகமும் தப்பில்லை. அவர்கள் இறந்தது மார்ச் 7. பின்னாளில் அக்குவினாஸ் தோமையாரின் திருநாளும் அதே நாளில் வந்து விழுந்ததால் இவர்கள் நினைவு ஓரத்துக்குப் போயிற்று. 1908இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் இவர்களுக்குத் தனி நாள் வேண்டும் என்று மார்ச் 6ஐக் கொடுத்தார். 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது தோமையாரை ஜனவரி 28க்கு மாற்றி, மார்ச் 7ஐ இவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கீழைத் திருச்சபைகளில் பிப்ரவரி 1 அன்று நினைவுகூர்கிறார்கள்.

மாலைச்செபம் அம்மா, வாசிக்கும்போது பெர்பெத்துவா கண்ட முதல் காட்சியையும் முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபுறமும் வாளும் ஈட்டியும் கொக்கியும் மாட்டிய வெண்கல ஏணி, அடியில் பாம்பு, அதன் தலையை முதல் படியாக மிதித்து ஏறுவது, மேலே நரைத்த மேய்ப்பர் பால் கறந்துகொண்டே ஒரு வாய்ப் பாலாடைக்கட்டி கொடுப்பது. சிறுபிள்ளைகள் வந்திருந்தால் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.